ராயல்டி இல்லாத தரநிலையா, நியாயமான ராயல்டி கேட்கும் தரநிலையா?

காப்பகங்களில் உள்ள பழைய ஒளிப்பதிவுகளைப் பாதுகாத்து, இணையத்தில் எவரும் பார்க்கும்படி வழங்குவதற்கான திறந்த மூல மென்பொருள் ஒன்றை உருவாக்கும் குழுவில் நான் இருக்கிறேன். மூலப்படியை எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லா வடிவத்தில் வைப்பதென முன்பே தீர்மானித்துவிட்டோம். பொதுமக்கள் பார்க்கும் படியை, ஒளிப்பதிவைச் சுருக்கிச் சேமிக்கும் வடிவங்களான எச்.264, அதன் வாரிசான எச்.265 ஆகியவற்றில் ஒன்றில் தருவதா, ஏவி1 என்ற மற்றொரு சுருக்க வடிவத்தில் தருவதா என்பதுதான் கேள்வியாக இருந்தது. படத்தின் தெளிவையும் கோப்பின் அளவையும் அளந்து முடித்த பிறகும் எங்களால் முடிவெடுக்க இயலவில்லை. இந்த வடிவங்களை வரையறுக்கும் தரநிலைக்குள் இருக்கும் காப்புரிமைகளை யார், எந்த நிபந்தனையில் தருகிறார்கள் என்பதே கடைசியில் எங்கள் தேர்வைத் தீர்மானித்தது. நாங்கள் ஏவி1 பக்கம் சென்றோம். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

இரண்டு வழிகளையும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், ஐ.எஸ்.ஓ., ஐ.இ.சி. ஆகிய மூன்று பன்னாட்டுத் தரநிலை அமைப்புகளும் 2007 முதல் ஒரே காப்புரிமைக் கொள்கையைப் பின்பற்றுகின்றன. அதன்படி காப்புரிமையாளர் மூன்றில் ஒன்றை அறிவிக்கலாம்: கட்டணமின்றி உரிமம் தருவேன், நியாயமான பாரபட்சமற்ற நிபந்தனைகளில் தருவேன், அல்லது இரண்டுக்கும் உடன்படமாட்டேன். மூன்றாவதைச் சொன்னால் அந்தக் காப்புரிமையைச் சார்ந்த பகுதி தரநிலையில் இடம்பெறக் கூடாது. எச்.264, எச்.265 ஆகியவை இத்தகைய ஏற்பாட்டின் கீழ் வந்தவை. நடைமுறையில் அவற்றுக்குப் பொருந்துவது இரண்டாவது வழி. வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்போ 2004இல் வேறு பாதையை எடுத்தது. அங்கே பணிக்குழுவில் சேர்பவர், அந்தத் தரநிலைக்கு இன்றியமையாத தம் காப்புரிமைகளை எல்லோருக்கும் ராயல்டியின்றித் தர ஒப்புக்கொள்கிறார். விலக்க விரும்புவதை, வரைவு வெளியான பின் குறிப்பிட்ட கெடுவுக்குள் பெயர் சொல்லி விலக்க வேண்டும். 2015இல் தொடங்கப்பட்ட திறந்த ஊடகக் கூட்டணி, ஏவி1 வடிவத்துக்கு ஏறத்தாழ இதே நெறியைக் கைக்கொண்டது.

தரம், வேகம், சாதன ஆதரவு ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எச்.264 எல்லாச் சாதனங்களிலும் ஓடும். ஏவி1 கோப்புகள் சிறியவை, ஆனால் குறியாக்க நேரம், அதாவது ஒளிப்பதிவைச் சுருக்க ஆகும் நேரம், அதிகம், பழைய கருவிகளில் வன்பொருள் ஆதரவு இல்லை. ஆவணமாக்கத்தில் இரண்டுமே முழுமையானவை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது எண்ணிக்கை. கட்டணத் தொகை எங்களுக்குப் பெரிய தடையாகவே இருக்கவில்லை. எச்.264 காப்புரிமைகளைத் திரட்டி உரிமம் வழங்கிய எம்.பெக் எல்.ஏ. அமைப்பின் பட்டியலில், அந்த வடிவத்தைக் கையாளும் மென்பொருளின் முதல் 1,00,000 படிகளுக்கு ஆண்டுதோறும் கட்டணமே கிடையாது. அதற்குமேல் படி ஒன்றுக்கு 20 சென்ட். எந்த நிறுவனமும் தாங்கக்கூடிய தொகை இது. ஆனால் கட்டணம் படிக்கு இவ்வளவு என்று இருக்கும்போது, படிகளை யாராவது எண்ணியாக வேண்டும். எங்கள் மென்பொருளை ஒரு காப்பகம் பதிவிறக்குகிறது; அதை மாற்றியமைத்து இன்னொரு காப்பகத்துக்குக் கொடுக்கிறது; அங்கிருந்து ஒரு கல்லூரிக்குப் போகிறது. இந்தச் சங்கிலியில் எத்தனை படிகள் உள்ளன என்பது எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உரிமையும் எங்களுக்கு இல்லை. பெறுபவர் யாரிடமும் கேட்காமல் அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் திறந்த மூல உரிமத்தின் உயிர்நாடி. 1991இல் வெளிவந்த, பரவலாகப் பயன்படும் திறந்த மூல உரிமமான ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின் ஏழாம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: படியைப் பெறும் எல்லோரும் ராயல்டியின்றி மறுவிநியோகம் செய்யக் காப்புரிமை உரிமம் இடம்தராவிட்டால், அந்த நிரலை விநியோகிக்கவே கூடாது.

இதன் விளைவை அருகிலிருந்து பார்க்க ஓர் எடுத்துக்காட்டு போதும். எச்.264க்கான குறியாக்கி ஒன்றை சிஸ்கோ நிறுவனம் 2013இல் ஓப்பன்எச்264 என்ற பெயரில் திறந்த மூலமாக அறிவித்தது. மூல நிரலை எவரும் எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் காப்புரிமைக் கட்டணத்தை சிஸ்கோ செலுத்துவது, அது தானே தொகுத்துத் தன் வழங்கியிலிருந்து இறக்கித் தரும், இயக்கத் தயாரான இருமக் கோப்புக்கு மட்டுமே. அதே நிரலை, ஒரு வரியும் மாற்றாமல், உங்கள் கணினியில் நீங்களே தொகுத்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. அதனால்தான் ஃபயர்பாக்ஸ் உலாவி அந்தப் பகுதியைத் தன்னுடன் சேர்த்து வெளியிடாமல், நிறுவிய பின் சிஸ்கோவிடமிருந்து தனியாக இறக்கிக்கொள்கிறது. சிஸ்கோவின் பெருந்தன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருந்தும், ஒரு பெரிய நிறுவனம் எல்லோருக்காகவும் பணம் கட்டிய பிறகும் மூல நிரலைத் திருத்திப் பயன்படுத்தும் உரிமை நடைமுறையில் பயனற்றுப் போகிறது என்றால், அந்த வழியில் ஏதோ அடிப்படையிலேயே பொருந்தவில்லை. 2022இல் ஃபெடோரா லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம், எச்.264, எச்.265 ஆகியவற்றுக்கான வன்பொருள் முடுக்கத்தைத் தன் வெளியீட்டிலிருந்து நீக்கியதற்கும் சட்டரீதியான இதே தயக்கமே காரணம்.

எச்.265 நிலைமை இன்னும் சிக்கலானது. அந்தத் தரநிலை 2013இல் வந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் எம்.பெக் எல்.ஏ., எச்.இ.வி.சி. அட்வான்ஸ், வெலோஸ் மீடியா என மூன்று காப்புரிமைத் தொகுப்புகள் உருவாகிவிட்டன. எந்தத் தொகுப்பிலும் சேராத உரிமையாளர்கள் வேறு. இவர்களில் ஒவ்வொருவரும் தனித்தனியே நியாயமான தொகையைத்தான் கேட்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் கூட்டிவரும் தொகை நியாயமானதாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. நியாயமான தொகை எது என்பதும் பல நேரங்களில் நீதிமன்றத்தில்தான் தெரியவருகிறது. மைக்ரோசாஃப்ட், மோட்டோரோலா வழக்கில் எச்.264, வைஃபை ஆகியவற்றின் காப்புரிமைகளுக்காக மோட்டோரோலா கேட்ட விகிதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. 2013இல் சியாட்டில் நீதிமன்றம் நிர்ணயித்ததோ ஆண்டுக்கு ஏறத்தாழ 18 லட்சம் டாலர். இவ்வளவு அகன்ற இடைவெளிக்கு நடுவே ஒரு சிறு குழு வரவு செலவுத் திட்டம் போட முடியாது. வழக்காடிப் பார்க்கும் வசதி மைக்ரோசாஃப்டுக்கு இருந்தது.

அரசுகள் இந்த விஷயத்தில் எங்கே நிற்கின்றன என்பதைப் பார்க்கும்போது, கொள்கை எவ்வளவு எளிதில் நழுவும் என்பது தெரிகிறது. அரசு அமைப்புகளின் கணினி முறைகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்காக ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட 2004ஆம் ஆண்டு இயங்குதிறன் சட்டகம், திறந்த தரநிலையில் உள்ள காப்புரிமைகள் திரும்பப் பெறமுடியாதபடி ராயல்டியின்றித் தரப்பட வேண்டும் என்றது. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் அது, நியாயமான நிபந்தனைகளில் அல்லது ராயல்டியின்றி என்று தளர்ந்தது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, திறந்த மூலத்திலும் செயல்படுத்தக்கூடிய வகையில், முடிந்தவரை ராயல்டியின்றி என்று பாதி வழி திரும்பி வந்தது. இந்தியா 2010இல் அறிவித்த மின்னாளுமைக்கான திறந்த தரநிலைக் கொள்கை, தரநிலையின் ஆயுட்காலம் முழுவதும் ராயல்டியின்மையை அடிப்படை நிபந்தனையாக வைத்தது. பிரிட்டன் 2012இல் அதே நிலையை எடுத்து, 2014இல் அரசு ஆவணப் பரிமாற்றத்துக்கு ஓ.டி.எஃப். என்ற திறந்த ஆவண வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. அரசுத் துறைகள் தரநிலைகளைப் பயன்படுத்துவது பற்றிய அமெரிக்காவின் ஏ-119 சுற்றறிக்கை இரண்டு வழிகளையும் சமமாக ஏற்கிறது.

இவற்றில் எனக்குச் சரியாகப் படுவது இந்திய, பிரிட்டிஷ் நிலைப்பாடுதான். அரசு ஒரு படிவத்தை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில்தான் ஏற்பேன் என்று சொன்னால் குடிமகனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்த வடிவத்துக்குள் ராயல்டி இருந்தால், நாடாளுமன்றமோ சட்டமன்றமோ விதிக்காத மறைமுக வரி ஒன்றைத் தனியார் வசூலிக்க அரசே வழி செய்து கொடுத்ததாகிவிடும். ஒப்பந்தப்புள்ளியிலும் இதே சிக்கல் எழுகிறது. நியாயமான நிபந்தனை கொண்ட தரநிலை ஏற்கத்தக்கது என்று எழுதிவிட்டால், பாரபட்சமற்றது என்ற சொல்லை மீறாமலேயே திறந்த மூலப் போட்டியாளர்கள் அனைவரும் வெளியே தள்ளப்படுகிறார்கள். ஏனென்றால் எண்ண முடியாதவரிடம் எண்ணிக் கட்டச் சொல்வது எல்லோருக்கும் ஒரே நிபந்தனை போலத் தோன்றினாலும் அது விழுவது ஒரு சாரார் மீது மட்டுமே.

ராயல்டியற்ற வழியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பணிக்குழுவில் உட்கார்ந்தவரைத்தான் வாக்குறுதி கட்டுப்படுத்தும். வெளியே இருப்பவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஈயோலாஸ் என்ற நிறுவனம் உலாவிகளின் அடிப்படை வசதி ஒன்றின்மீது உரிமை கோரி, 2003இல் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக 52 கோடி டாலருக்கும் மேற்பட்ட தீர்ப்பைப் பெற்றது. அந்த உரிமைகோரல்கள் செல்லாது என்று டெக்சாஸ் நடுவர் குழு சொல்ல 2012 வரை ஆனது. ஏவி1 விஷயத்திலும் சிஸ்வெல் நிறுவனம் தனியே ஒரு காப்புரிமைத் தொகுப்பை 2019இல் அறிவித்தது. கூட்டணியின் உரிமத்தில் ஒரு தற்காப்பு விதி உண்டு: ஏவி1ஐப் பயன்படுத்துபவர்மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தால், தொடுத்தவர் தமக்குக் கிடைத்த உரிமத்தை இழப்பார். தாமும் ஏவி1ஐப் பயன்படுத்தும் நிறுவனத்தை இது தடுக்கும். வழக்கையே தொழிலாகக் கொண்டு எதையும் உற்பத்தி செய்யாதவரை இது அசைக்காது. ஆகவே ராயல்டி இல்லை என்று அறிவிக்கப்பட்ட வடிவத்திலும் ஆபத்து மிச்சமிருக்கிறது. வெளியாரின் ஆபத்து எதிர்த்தரப்பு வடிவங்களிலும் அதே அளவு இருப்பதால், ஒப்பீட்டில் இது தராசை நகர்த்தவில்லை.

கைப்பேசி வலையமைப்புகளுக்கு இந்த முடிவை அப்படியே நீட்ட நான் தயங்குகிறேன். 4ஜி, 5ஜி தரநிலைகளை நான் பயன்படுத்துபவன் மட்டுமே. அத்துறையில் உரிமப் பேச்சுவார்த்தை எதிலும் உட்கார்ந்தவன் அல்லன். ஆனாலும் அங்கே கணக்கு வேறு என்பதை ஏற்கிறேன். கருவிகள் தொழிற்சாலையில் எண்ணப்பட்டே வெளிவருகின்றன. வானலை ஆய்வுக்குப் பல ஆண்டுகள் செலவிடும் நிறுவனங்களில் சில, கருவியே விற்பதில்லை, ராயல்டிதான் அவற்றின் வருமானம். அங்கே அரசு செய்யக்கூடியது பேச்சுவார்த்தைக்கு ஒழுங்கு விதிப்பது. ஹுவாவே, இசட்.டி.இ. வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் செய்தது அதைத்தான்: உரிமையாளர் முதலில் எச்சரிக்க வேண்டும், எழுத்தில் விலை சொல்ல வேண்டும், பயன்படுத்துபவர் காலம் கடத்தாமல் எதிர்விலை தர வேண்டும், இதை மதிக்காமல் தடையாணை கேட்பது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதாகலாம்.

எச்.264ஐ நாங்கள் முற்றிலும் கைவிடவில்லை. ஏவி1ஐ இயக்க முடியாத கருவிகளுக்காக, பயனர் கேட்கும்போது மட்டும் எச்.264 படி ஒன்றை உருவாக்கித் தருகிறோம். அதை உருவாக்குவது காப்பகத்திடம் ஏற்கெனவே உள்ள, தயாரிப்பாளர் கட்டணம் செலுத்திய வன்பொருள் குறியாக்கி. குறியாக்கியின் நிரல் எங்கள் தொகுப்பில் இல்லை. பார்ப்பவருக்கு இலவசமாக வழங்கப்படும் இணைய ஒளிப்பதிவுக்குக் கட்டணம் கேட்பதில்லை என்று எம்.பெக் எல்.ஏ. 2010இல் அறிவித்திருப்பதும் உதவுகிறது. எச்.264 வந்தது 2003இல். காப்புரிமையின் ஆயுள் பொதுவாக 20 ஆண்டுகள். எம்.பி.3 ஒலி வடிவத்தின் உரிமத் திட்டம் 2017இல் முடிவுக்கு வந்தது போல இதன் மிச்சக் காப்புரிமைகளும் காலாவதியானால், குறியாக்கியை எங்கள் தொகுப்பிலேயே சேர்த்துவிடுவோம். அதுவரை பொதுப்படிக்கு ஏவி1, ஒலிக்கு ஓபஸ் வடிவம் என்ற ஏற்பாடே தொடரும்.