விண்டோஸ் 11 டாஸ்க்பார்: பழகிய கைக்கு எது மிச்சம், எது போச்சு

பிரிக்பீல்ட்ஸில் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம், பினாங்கு லிட்டில் இந்தியாவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம், செந்தூலில் ஒரு டியூஷன் சென்டர். இப்படிப்பட்ட இடங்களில் காலை முதல் மாலை வரை ஓடும் கணினிகளை மனத்தில் வைத்து எழுதிய மதிப்புரை இது. விளையாட்டுக்கு வாங்கும் கணினிக்கு இது பொருந்தாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. அதனால் பலரும் வேறு வழியில்லாமல் 11-க்கு வந்தவர்கள். வந்ததும் முதலில் கேட்பது, "என் டாஸ்க்பார் எங்கே போச்சு?" என்பதுதான். நியாயமான கேள்வி. திரையின் அடியில் ஐகான்கள் வரிசையாக நிற்கும் பட்டைதான் டாஸ்க்பார். 11-இல் மைக்ரோசாஃப்ட் அதன் பழைய நிரலைத் திருத்திக் கொடுக்கவில்லை, புதிதாக எழுதியது. பழைய நிரலில் இருந்த வசதிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினால்தான் அவை இருக்கும். எழுதாமல் விட்டவை காணாமல் போயின.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விண்டோஸ் 11-இன் 2025 பதிப்பான 25எச்2-வை அலுவலகத்தில் வைத்து வேலை வாங்கலாம், ஆனால் செட்டிங்ஸில் அரை மணி நேரம் செலவழித்த பிறகுதான். டாஸ்க்பாரைத் திரையின் இடப்பக்கமோ மேலேயோ வைத்துப் பழகியவர்களுக்கு மட்டும் இந்தப் பதிப்பிலும் நல்ல பதில் இல்லை.

கணக்கு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். எக்ஸெலில் ஐந்து ஃபைல் திறந்திருக்கும், பிரவுசரில் மலேசிய வருமான வரி வாரியத்தின் மின்-இன்வாய்ஸ் தளமான மைஇன்வாய்ஸ் போர்ட்டல், பக்கத்தில் கணக்கு மென்பொருள். விண்டோஸ் 10-இல் ஐந்து எக்ஸெல் ஃபைலும் டாஸ்க்பாரில் ஐந்து தனிப் பட்டன்களாகப் பெயரோடு நிற்கும்படி வைத்துக்கொள்ள முடிந்தது. கண் போகும் இடத்துக்குக் கையும் போகும், ஒரே கிளிக். 2021 அக்டோபர் 5-ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 11-இல் அந்த ஐந்தும் ஒரே பச்சை ஐகானுக்குள் அடைபட்டன. ஐகான் மேல் மவுஸை வைத்து, சின்னச் சின்னப் படங்கள் எழும்பி வரும்வரை காத்திருந்து, எல்லாம் ஒரே மாதிரி தெரியும் கட்டங்களில் மார்ச் எது ஏப்ரல் எது என்று தேட வேண்டும். ஒரு நாளில் இதை இருநூறு தடவை செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

இந்த வசதி 2023 கடைசியில்தான் திரும்பி வந்தது. இரண்டு வருடம். எப்படித் திருப்புவது: டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், கீழே டாஸ்க்பார் பிஹேவியர்ஸ், அதில் 'கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் அண்ட் ஹைட் லேபிள்ஸ்' என்ற இடத்தில் 'நெவர்'. இரண்டாவது மானிட்டர் இருந்தால் அதற்குத் தனியாக இன்னொரு வரி அங்கேயே இருக்கும். அதையும் மாற்ற வேண்டும். பலர் முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டு "இரண்டாவது திரையில் வேலை செய்யவில்லை" என்பார்கள்.

திரும்பி வந்தது பழையபடியே வந்ததா என்றால், இல்லை. 10-இல் பட்டன்கள் எல்லாம் ஒரே அகலம். 11-இல் ஃபைல் பெயரின் நீளத்துக்கு ஏற்ப அகலம் மாறுகிறது. ஒரு ஃபைலை மூடினால் மற்றவை நகர்ந்து கொள்கின்றன, பழகிய இடத்தில் பட்டன் இருப்பதில்லை. ஃபைல்கள் அதிகமானால் பெயரின் வால் வெட்டுப்படும். இதற்கு நல்ல வழி ஃபைல் பெயரை மாற்றி வைப்பதுதான். 'வாடிக்கையாளர் இன்வாய்ஸ் மார்ச் 2025' என்று வைத்தால் எல்லாப் பட்டனிலும் 'வாடிக்கையாளர் இன்…' என்றே தெரியும். '2025-03 இன்வாய்ஸ்' என்று மாதத்தை முன்னால் வைத்தால் எவ்வளவு வெட்டினாலும் எந்த மாதம் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது உயரம். திரை அளவு 100 சதவீதத்தில் இருக்கும்போது விண்டோஸ் 10 டாஸ்க்பாரின் உயரம் 40 பிக்சல், சிறிய பட்டன்களைத் தேர்ந்தெடுத்தால் 30. விண்டோஸ் 11-இல் 48. எக்ஸெலில் ஒரு வரிசையின் வழக்கமான உயரம் 20 பிக்சல். ஆக, சிறிய டாஸ்க்பாரில் இருந்து வருபவருக்குக் கிட்டத்தட்ட ஒரு வரிசை குறைகிறது. டாஸ்க்பாரை இடப்பக்கம் வைத்திருந்தவருக்கு இரண்டு வரிசைக்கும் மேல். பெரிய மானிட்டரில் இது கண்ணுக்குத் தெரியாது. 1366க்கு 768 திரை உள்ள மடிக்கணினியில் நன்றாகவே தெரியும்.

2025-இல் 'ஷோ ஸ்மாலர் டாஸ்க்பார் பட்டன்ஸ்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதை நம்பி ஏமாற வேண்டாம். ஐகான்தான் சின்னதாகிறது, பட்டையின் உயரம் அப்படியே நிற்கிறது. அதிக பட்டன்கள் வைக்க அது உதவும், இடம் மிச்சமாகாது. டாஸ்க்பாரைத் தானாக மறையச் செய்யலாம்தான். ஆனால் எக்ஸெலில் ஷீட் டேப்கள் இருப்பது திரையின் அடியில். அவற்றைக் கிளிக் செய்ய மவுஸைக் கொஞ்சம் அதிகமாக இறக்கினால் டாஸ்க்பார் எழுந்து வந்து டேப்களை மறைக்கும். கண்ட்ரோலோடு பேஜ் அப், பேஜ் டவுன் தட்டி ஷீட் மாற்றுபவருக்குப் பிரச்சினை இல்லை. மவுஸை நம்பியவருக்கு நாள் முழுக்க எரிச்சல்.

இப்போது அச்சகம். ஏ4 பக்கம் நெட்டுக்குத்தானது, மானிட்டர் கிடையானது. பத்திரிகை வடிவமைப்பவருக்குத் திரையில் பக்கவாட்டு இடம் நிறைய வீணாகும், மேலும் கீழும்தான் போதாது. அதனால்தான் பலர் டாஸ்க்பாரை இடப்பக்கம் நிறுத்திக்கொண்டார்கள். 1995-இல் வந்த விண்டோஸ் 95-லேயே திரையின் நான்கு ஓரத்தில் எதிலும் அதை வைக்க முடிந்தது. இருபத்தாறு வருடம் இருந்த வசதி. 2022-இல் இதைப் பற்றிக் கேட்டபோது, இந்த வசதியைக் கேட்பவர்கள் மொத்தப் பயனர்களில் குறைவு, டாஸ்க்பார் நகர்ந்தால் மற்ற ஆப்களின் அமைப்பையும் மாற்ற வேண்டியிருக்கும் என்ற பொருளில் மைக்ரோசாஃப்ட் தரப்பு பதில் சொன்னது. பொறியாளர் கணக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் எண்ணிக்கையில் குறைந்த அந்தப் பயனர்கள்தான் ஒரு நாளில் எட்டு மணி நேரம் அதே திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுடைய எட்டு மணி நேரத்தையும், வாரத்துக்கு ஒரு தடவை மின்னஞ்சல் பார்ப்பவரின் பத்து நிமிடத்தையும் ஒரே தலையாக எண்ணுவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

தமிழ் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகை அமைப்பும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன: செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன், தமிழுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளி, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ், ஆட் எ கீபோர்ட். எந்த மொழியில் தட்டுகிறோம் என்று காட்டும் பழைய லாங்குவேஜ் பாரும் போகவில்லை, ஒளிந்திருக்கிறது. டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்ட் செட்டிங்ஸ் என்று போனால் அங்கே கிடைக்கும். அதே பக்கத்தில் ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி விசைப்பலகை வைத்துக்கொள்ளும் தேர்வும் உண்டு. அதை டிக் செய்தால் வேர்டில் தமிழும் எக்ஸெலில் ஆங்கிலமும் தன் தன் இடத்தில் நிற்கும். ஆங்கிலம் அமெரிக்கா, ஆங்கிலம் மலேசியா என்று இரண்டு ஆங்கிலம் இருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டும்போது தமிழுக்கு வர இரண்டு தட்டு வேண்டியிருப்பதற்கு அதுதான் காரணம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ஃபைலை இழுத்துக்கொண்டு போய் டாஸ்க்பார் ஐகான் மேல் பிடித்தால் அந்த விண்டோ திறக்கும் வசதி முதலில் இல்லை, 2022 செப்டம்பரில் விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்போடு திரும்பியது. ரைட் கிளிக் மெனு சுருக்கப்பட்டது. பழைய முழு மெனு வேண்டுமென்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள், இடையில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' தேவையில்லை. டாஸ்க்பாரிலேயே ஒரு ஃபோல்டரைப் பட்டியலாக வைத்துக்கொள்ளும் டூல்பார் போனது, திரும்பவில்லை. அந்த ஃபோல்டரை ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் குவிக் அக்சஸில் பின் செய்வதுதான் அதற்கு ஓரளவு ஈடு.

ஸ்டார்ட் மெனுவில் 'ரெக்கமண்டட்' பகுதியைப் பலர் கோபத்தோடு அணைத்துவிடுவார்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். சமீபத்திய ஃபைல்களைக் காட்டும் அந்த ஒரே ஸ்விட்ச்சில்தான் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் சமீபத்திய ஃபைல்களும், டாஸ்க்பாரில் எக்ஸெல் ஐகானை ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலும் தொங்குகின்றன. நேற்று திறந்த ஃபைலை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துப் பழகியவர், இதை அணைத்துவிட்டு மறுநாள் திகைத்து நிற்பார். கணக்கு வேலைக்கான கணினியில் அதை அணைக்காமல் விடுவதே நல்லது.

நல்லதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் விசையோடு இசட் தட்டினால் வரும் ஸ்னாப் அமைப்புகள் அருமை. இன்வாய்ஸ் ஒரு பாதி, போர்ட்டல் ஒரு பாதி என்று இரண்டு நொடியில் நிறுத்தலாம். 10-இலும் பாதிப் பாதியாக வைக்கலாம், ஆனால் இவ்வளவு சுலபமாக இல்லை.

வெளி மென்பொருள் போட்டுப் பழைய டாஸ்க்பாரைக் கொண்டுவரலாமா? வரலாம். ஸ்டார்ட்ஆல்பேக்கின் விலை 4.99 அமெரிக்க டாலர், 100 நாள் இலவசமாகப் பார்க்கலாம், டாஸ்க்பாரை ஓரத்துக்கு நகர்த்தும். விண்ட்ஹாக் இலவசம்; அதில் செங்குத்து டாஸ்க்பாருக்கும் உயரத்தைக் குறைப்பதற்கும் தனித்தனி மாட்கள் (சின்னத் துணை நிரல்கள்) உண்டு, வேண்டியதை மட்டும் போடலாம். எக்ஸ்ப்ளோரர்பேட்சரும் இலவசம்தான், ஆனால் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அதை வேண்டாத மென்பொருளாகக் கருதித் தடுப்பதுண்டு.

இவற்றில் எது கெடும், ஏன் கெடும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். டாஸ்க்பாரை வரைவது எக்ஸ்ப்ளோரர் என்ற நிரல். இந்த மென்பொருள்கள் அதற்குள் நுழைந்து அதன் வேலையை மாற்றுகின்றன. மாதாந்திர அப்டேட் எக்ஸ்ப்ளோரரை மாற்றும்போது, பழைய கணக்கில் நுழைந்த மென்பொருள் தடுமாறும். டாஸ்க்பார் வந்து வந்து மறையும், அல்லது திரை கறுப்பாக நிற்கும். அமெரிக்காவில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் காலையில் வெளியாகும் அப்டேட் நமக்குப் புதன் விடியற்காலையில் வரும். அலுவலகம் திறக்கும் நேரத்தில் சிக்கல் காத்திருக்கும் என்று அர்த்தம். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ஒரு வாரம் 'பாஸ்' செய்து வைத்து, அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்தபின் இரண்டையும் சேர்த்துப் போடுவது பாதுகாப்பு. அப்படியும் திரை கறுத்துவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். 'ரன் நியூ டாஸ்க்' என்பதில் control என்று ஆங்கிலத்தில் தட்டினால் கண்ட்ரோல் பேனல் திறக்கும். அங்கிருந்து அந்த மென்பொருளை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அச்சகத்தில் வடிவமைப்பவரின் கணினியில் இந்த ஆபத்தை ஏற்கலாம். கல்லாவில் இருக்கும் கணினியில் கூடவே கூடாது.

இன்னும் மாறாதவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. தனிநபர் கணினிகளுக்கான நீட்டிப்புத் திட்டம் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறது. 30 டாலர் கட்டலாம், அல்லது 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி கொடுக்கலாம், அல்லது செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சிங்க் செய்தால் கட்டணமே இல்லை. கணினியில் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். நிறுவன டொமைனில் சேர்ந்த கணினிக்கு இது செல்லாது.

கணினியைக் கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட் பிளாசா மாதிரி இடத்தில் கொடுத்து மாற்றுபவர்கள், கொடுக்கும் முன்பே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். பழைய விண்டோஸ் மேலேயே அப்கிரேட் செய்தால் 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, 'கோ பேக்' வழியாக விண்டோஸ் 10-க்கே திரும்பலாம். அந்த 10 நாளை ஒரு கட்டளை மூலம் 60 வரை நீட்டவும் முடியும், ஆனால் முதல் 10 நாளுக்குள்ளேயே நீட்ட வேண்டும். டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தால் திரும்பும் வழியே இல்லை. அப்கிரேட் செய்தபின் இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்தாலும் அதே கதி. "அப்கிரேட் மட்டும் செய்யுங்கள், பழைய ஃபோல்டரில் கை வைக்காதீர்கள்" என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.