டெத் பை கவர்ன்மென்ட்: வாங்க வேண்டியது வரையறைக்காக

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சி கொன்று குவித்தவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டின் பெரும்பான்மை இனத்தவரான கெமர் மக்களே. கொன்றவர்களும் கெமர்கள்தான். ‘இனப்படுகொலை’ என்ற சொல் இங்கே இடறுகிறது. 1948-இல் ஐ.நா. ஏற்ற இனப்படுகொலை உடன்படிக்கையும் தேசம், இனக்குழு, இனம், மதம் என்ற நான்கோடு நின்றுவிட்டது. அரசியல் காரணத்துக்காகக் கொல்லப்பட்டவர்களுக்கு அதில் இடமில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க அரசியல் அறிஞர் ஆர். ஜே. ரம்மல் உருவாக்கிய சொல் ‘டெமோசைட்’. ‘டெமோஸ்’ கிரேக்கத்தில் மக்கள். ‘சைட்’ லத்தீனிலிருந்து வந்த கொலை. 1944-இல் சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் ‘ஜெனோசைட்’ (இனப்படுகொலை) என்பதைக் கட்டியதும் இப்படித்தான்.

1994-இல் வெளிவந்த ரம்மலின் ‘டெத் பை கவர்ன்மென்ட்’ நூலில் முதலில் படிக்க வேண்டியது இரண்டாம் அத்தியாயம். அதன் வரையறை கறாரானது. இறந்தவர் ஆயுதம் இல்லாதவரா? கொன்றவர் அரசின் ஆளாக, அரசின் கொள்கைப்படியோ மேலிடத்து உத்தரவுப்படியோ வேண்டுமென்றே கொன்றாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது டெமோசைட். சுட்டுக் கொன்றால் மட்டுமல்ல, உழைப்பு முகாமில் பட்டினி போட்டுச் சாகவிட்டாலும் கணக்கில் சேரும். களத்தில் மடிந்த சிப்பாய் சேரமாட்டார். ராணுவ இலக்கைத் தாக்கும்போது அருகில் இறந்த பொதுமக்களும் சேரமாட்டார்கள். நகரத்தையே குறிவைத்த குண்டுவீச்சில் இறந்தவர்கள் சேருவார்கள். இவ்வளவு தெளிவாக எல்லை பிரித்துக் காட்டியதற்காகவே நூலை வாங்கலாம்.

எண்களில்தான் எச்சரிக்கை வேண்டும். 1900 முதல் 1987 வரை 16,91,98,000 பேர் இப்படிக் கொல்லப்பட்டார்கள் என்கிறார். சோவியத் ஒன்றியத்துக்கு மட்டும் 6,19,11,000. ஆனால் அதே சோவியத் கணக்கின் கீழ் எல்லை 2.83 கோடி, மேல் எல்லை 12.69 கோடி! பிறர் தந்த குறைந்த மதிப்பீடுகளை ஒரு பக்கமும் உயர்ந்தவற்றை மறு பக்கமும் கூட்டிக்கொண்டே போனால் இடைவெளி இப்படித்தான் விரியும். நடுவே நிற்கும் எண்ணை ஆயிரம் வரை துல்லியமாக அச்சிடுவது பொய்யான நம்பிக்கையைத் தருகிறது. 1991-க்குப் பின் திறந்த சோவியத் ஆவணங்களில் முகாம் மரணங்கள் இவர் கணக்கைவிட மிகக் குறைவு.

வரையறையில் உள்ள ‘வேண்டுமென்றே’ என்ற ஒரு சொல்லின் எடையையும் பாருங்கள். சீனாவில் மாவோ காலத்துப் பெரும் பஞ்சத்தை முதலில் ரம்மல் சேர்க்கவில்லை. மாவோ தெரிந்தே சாகவிட்டார் என்று பின்னாளில் நம்பியதும், 2005-இல் 3.8 கோடியைக் கூட்டினார்.

மேற்கோள் காட்டுபவர்கள் மொத்தத் தொகையைத் தொட வேண்டாம். அந்தந்த ஆட்சிக்கான எண்ணைக் கீழ், மேல் எல்லைகளோடு எடுங்கள். எந்த மதிப்பீடு எங்கிருந்து வந்தது என்ற அட்டவணைகள் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆஃப் டெமோசைட்’ என்ற துணை நூலில் உள்ளன. ஆய்வுக்கு என்றால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.