மினுக்குகிற மானிட்டரும் ஒரு தண்ட ஸ்டெபிலைசரும்

போன வாரம் திருமங்கலத்திலிருந்து என் மனைவியின் தம்பி போன் செய்தான். "மச்சான், நீங்க வச்சிருக்கிற அதே மானிட்டர் இப்ப நாலாயிரம் குறைஞ்சிருக்கு. வாங்கிரட்டுமா?" மூன்று வருடமாக அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன் மாப்ள" என்று வைத்துவிட்டேன். அந்தப் பதில்தான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது.

27 இன்ச், 1440பி ரெசல்யூஷன், 165 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 165 தடவை வரை படத்தைப் புதுப்பிக்கும்), எல்சிடியில் ஒரு வகையான விஏ பேனல், பெட்டியின் மேல் ஃப்ரீசிங்க் முத்திரை (அடாப்டிவ் சிங்க்குக்கு ஏஎம்டி வைத்த பெயர்). கிராபிக்ஸ் கார்டு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். 1440பி-யில் பெரிய கேம்களை ஓட்ட இந்தக் கார்டுக்கு மூச்சு வாங்கும் என்று தெரிந்தேதான் வாங்கினேன். கார்டு தடுமாறினாலும் திரை அனுசரித்துப் போகும் என்றுதானே அடாப்டிவ் சிங்க்கை விற்கிறார்கள்!

முதலில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். வாங்கிய புதிதில், "கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஓடுது, எல்லாம் ஃப்ரீசிங்க் மகிமை" என்று ஆபீசில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அது ஆன் ஆகவே இல்லை. பெட்டியில் வந்த எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருந்தேன். என் கார்டு இந்த மாதிரி மானிட்டரோடு டிஸ்ப்ளே போர்ட் வழியாகத்தான் அடாப்டிவ் சிங்க் பேசும். டவுன்ஹால் ரோட்டில் போய் ஒரு டிஸ்ப்ளே போர்ட் கேபிள் வாங்கி வந்து, என்விடியா செட்டிங்கில் நானே போய் டிக் போட்ட பிறகுதான் உயிர் வந்தது.

உயிர் வந்த பிறகு பார்த்ததை எப்படிச் சொல்ல? பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், நேரத்துக்குக் கிளம்பும் டவுன் பஸ் மாதிரி. 16.7 மில்லி விநாடிக்கு ஒரு தடவை எடுத்துவிடுவான். கார்டு வரைந்து அனுப்பும் படம், அதாவது ஃப்ரேம், வரத் தாமதமானால் பழைய படமே இன்னொரு ரவுண்டு போகும், அல்லது பாதி பழையது பாதி புதியது என்று படம் குறுக்கே கிழியும். கிழிசலை நிறுத்த வி-சிங்க் போட்டால் 60 என்பது பொசுக்கென்று 30-க்கு விழும், மவுசும் கனத்துவிடும். அடாப்டிவ் சிங்க் ஷேர் ஆட்டோ. ஆள் ஏறினால்தான் வண்டி எடுக்கும். அதனால் என் கார்டு விநாடிக்கு 57, 63, 52 ஃப்ரேம் என்று தள்ளாடினாலும் கண்ணுக்கு அந்தத் தள்ளாட்டம் தெரியாது. கார் ஓட்டும் கேமில் வளைவில் திரும்பும்போது ஓரத்து மரங்கள் கிழியாமல் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கவே சும்மா சுற்றியிருக்கிறேன்.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

திரை மினுக்குகிறது. எப்போதும் இல்லை. இரவுக் காட்சி, குகை, லோடிங் ஸ்கிரீன், மேப் திறக்கும் நேரம், இப்படி இருட்டுச் சாம்பல் நிறம் இருக்கும் இடங்களில் மட்டும், சாகப்போகிற டியூப் லைட் மாதிரி படபடவென்று. முதல் நாள் பார்த்ததும் எனக்கு மட்டுமில்லை, வீட்டில் எல்லாருக்கும் ஒரே முடிவு: வோல்டேஜ். மோட்டார் போட்டால் ஃபேன் வேகம் குறைகிற வீடு எங்களுடையது, வேறு என்ன தோன்றும்? எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்ட்டை மாற்றினார், நான் ஸ்டெபிலைசர் வாங்கினேன். ஸ்டெபிலைசர் டிக் டிக் என்று சத்தம் போட, மானிட்டர் பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் சர்வீஸ் சென்டர். வெயிலில் தூக்கிக்கொண்டு போனேன். அந்தத் தம்பி சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று அசையாத படங்களாகப் போட்டுக் காட்டி, "பேனல் நல்லாத்தான் சார் இருக்கு" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ரிஃப்ரெஷ் ரேட் நிலையாக இருந்தால் அது மினுக்காது. அதுதான் விஷயமே.

எல்சிடி பிக்சல் ஒரு ரிஃப்ரெஷ் முடிந்து அடுத்தது வரும்வரை வாங்கிய மின்னூட்டத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். 165 ஹெர்ட்ஸில் அது 6 மில்லி விநாடி, 48-இல் கிட்டத்தட்ட 21. இடைவெளி மாறினால் வெளிச்சமும் ஒரு நூல் மாறும். விஏ பேனலின் இருட்டு நிறங்களில் அந்த ஒரு நூல் கண்ணில் குத்தும். இதில் என் தலையெழுத்து வேறு. மானிட்டரின் அடாப்டிவ் சிங்க் எல்லை 48 முதல் 165 ஹெர்ட்ஸ் வரை. 48-க்குக் கீழே போனால் ஒரே ஃப்ரேமை இரண்டு தடவை காட்டுவார்கள். அதாவது 49 ஃப்ரேம் வந்தால் 49 ஹெர்ட்ஸ், 47 வந்தால் 94 ஹெர்ட்ஸ். என் கார்டு குடியிருப்பதே அந்த வாசற்படியில்தான்!

ஃப்ரீசிங்க் முத்திரை இதற்கெல்லாம் உத்தரவாதம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 2013-இல் வந்த ஜி-சிங்க், அதாவது என்விடியாவின் சொந்த அடாப்டிவ் சிங்க், மானிட்டருக்குள்ளேயே தனி போர்டோடு வந்தது, விலையும் அதற்கேற்றபடி. 2019 ஜனவரியில் என்விடியா மற்ற அடாப்டிவ் சிங்க் மானிட்டர்களுக்கும் கதவைத் திறந்தபோது, 400 மானிட்டர்களைச் சோதித்து 12-ஐத்தான் தேறியதாக அறிவித்தது. தேறாதவற்றிலும் நாமே ஆன் செய்துகொள்ளலாம், ஆனால் மினுக்கினால் நம் பாடு.

சிஆர்யூ என்ற சின்ன மென்பொருளில் கீழ் எல்லையை 48-லிருந்து 80-க்கு ஏற்றினேன். இப்போது 70 ஃப்ரேமும் 140 ஹெர்ட்ஸாக, 45-ம் 90 ஹெர்ட்ஸாக ஓடுகிறது. வாசற்படி தாண்டும் வேலை இல்லை. முக்கால்வாசி மினுக்கல் போய்விட்டது. டிரைவர் புதுசாக ஏற்றிய பிறகு ஒரு தடவை இந்த செட்டிங் காணாமல் போய், மறுபடி போட வேண்டியிருந்தது. லோடிங் ஸ்கிரீன் மட்டும் இன்றும் திருந்தவில்லை. மாப்பிள்ளை போன் செய்த அன்று இரவுகூட ஒரு கோட்டைக்குள் நுழையும்போது அது படபடத்ததில் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் எறிந்தேன்.

ஆகவே மறுநாள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "வாங்காத. நாலாயிரம் என்ன, எட்டாயிரம் குறைஞ்சாலும் வாங்காத. ஐபிஎஸ்னு வேற வகை பேனல் இருக்கு, அதைப் பாரு" என்றேன்.

"சரி மச்சான். அப்ப அது உங்களுக்கும் வேண்டாம்ல? பாதி விலைக்கு எனக்குத் தர்றீங்களா?"

"அதெப்படி மாப்ள" என்று ஆரம்பித்து, பேச்சை மாற்றி, அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.