80 ஏற்றத்தில் பழகிய சைக்கிள் கம்ப்யூட்டர்

சைக்கிளில் மாட்டி வேகம், தூரம், ஏற்றம் பார்க்கும் இந்த மீட்டரை வாங்கியதே எவரெஸ்டிங்குக்காகத்தான். ஒரே மேட்டில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி, மொத்த ஏற்றம் எவரெஸ்ட் உயரமான 8,848 மீட்டர் ஆகும்வரை ஓட்ட வேண்டும். நேரக்கெடு கிடையாது. நடுவில் உட்காரலாம், சாப்பிடலாம். தூங்க மட்டும் கூடாது. என் மேடு 1.4 கிலோமீட்டர் நீளம், 112 மீட்டர் உயரம். 79 தடவை ஏறினால் அச்சு அசலாக 8,848. ஒரு மீட்டர் குறைந்தாலும் வம்பு என்று 80 ஏறுவதாக முடிவு செய்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டன் வைத்த மாடல் இது. நனைந்த கையுறையோடு அழுத்தினாலும் கேட்கும். தொடுதிரையாக இருந்திருந்தால் அழுதிருப்பேன். பேட்டரி 20 மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். திரை வெளிச்சத்தோடு எனக்குக் கிடைத்தது 13. நான் ஓட்டியது 21 மணி நேரம். பவர் பேங்க் செருகியபடியே ஓட்டலாம், சரி.

அப்புறம் 47ஆவது ஏற்றத்தில் மழை பிடித்தது.

இது உயரத்தை அளப்பது காற்றழுத்தத்தை வைத்து. கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறையும். அந்தக் காற்று உள்ளே போக, மீட்டரின் அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் உட்கார்ந்துவிட்டது. 112 மீட்டர் ஏறி மேலே வந்து பார்த்தால் 41 என்கிறது. ஏறியது என் கால், எனக்குத் தெரியாதா? உதறினேன், துணியால் ஒற்றினேன். ஊசியால் குத்தத் தோன்றும். குத்தாதீர்கள், உள்ளே சவ்வு கிழியும். தொடக்க உயரத்தைத் திருத்திப் போட்டும் பயனில்லை, மொத்த ஏற்றம் என்பது வித்தியாசங்களின் கூட்டல்தானே.

நல்லவேளை, சைக்கிளின் டாப் டியூபில் (சீட்டுக்கு முன்னால் போகும் மேல் குழாய்) மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் மார்க்கரில் ஒரு கோடு போட்டிருந்தேன். 80 முடிந்தபோது திரையில் 8,490. டேப்பில் ஐந்தைந்தாக 16 கட்டு. டேப்பை நம்பி இறங்கினேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். காற்றழுத்தத்தால் அளக்கும் எந்த மீட்டருக்கும் இந்தத் துளை உண்டு, வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். என்னுடையது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் மேல் படுத்த மவுண்ட்டில் (மீட்டரை மாட்டும் தாங்கி) இருந்ததால் அடியில் தண்ணீர் தேங்கியது. இப்போது ஹேண்டில்பாருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மவுண்ட்டுக்கு மாற்றியிருக்கிறேன். இன்னும் நல்ல மழை ஒன்று வாய்க்கவில்லை.