வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இலவச ஆன்டிவைரஸ்: மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் நான் உட்காருவது அபூர்வம். பையன் ஸ்கூல் ப்ராஜெக்ட் அடிப்பான், ஹார்பரில் இருந்து ரிட்டயர் ஆன அப்பா பேப்பரும் பென்ஷன் கணக்கும் பார்ப்பார், மாடி வீட்டு அக்கா தையல் கடை பில்லை பிரிண்ட் எடுக்க வருவார். ஆன்டிவைரஸ் எது போடலாம் என்று யாராவது கேட்டால், மெஷின் முன்னால் உட்காரப்போவது யார் என்றுதான் திருப்பிக் கேட்பேன். வைரஸ் பிடிப்பதில் பெரிய கம்பெனிகளுக்குள் இன்றைக்கு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது. வீட்டில் இருப்பவர்களைக் கலவரப்படுத்தாமல் அது பாட்டுக்கு வேலை செய்கிறதா என்று பார்த்தால் போதும்.

இலவசத்தில் பெயர் வாங்கியவை அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, பிட்டிஃபெண்டர். இதில் முதல் மூன்றும் இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கம்பெனியிடம் இருக்கின்றன. ஏவிஜியை அவாஸ்ட் 2016-ல் வாங்கியது. அவிராவை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த நார்டன் கம்பெனி, 2022-ல் அவாஸ்டோடு இணைந்தது. அது சரியில்லை, இதைப் போடு என்று இந்த மூன்றுக்குள் மாறுகிறவர்கள் ஒரே முதலாளியிடம்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

நான் ரொம்ப நாள் வைத்திருந்த இலவச ஆன்டிவைரஸின் பெயர் வேண்டாம். வைரஸ் எதையும் அது தவறவிட்டதாகத் தெரியவில்லை. ஆனால் திரையின் மூலையில் சிவப்புக் கட்டம் ஒன்று அடிக்கடி எட்டிப் பார்க்கும்: உங்கள் கம்ப்யூட்டரில் இத்தனை பிரச்சினைகள், உடனே சரிசெய்யுங்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பிரௌசர் குக்கீ, பழைய டிரைவர், விபிஎன் போடவில்லை என்ற புகார். சரிசெய்யப் பட்டனை அழுத்தினால் காசு கட்டும் பக்கம். ஆரம்பத்தில் அப்பா ஒவ்வொரு தடவையும் போன் போடுவார். "டேய், இன்னாமோ செவப்பா வந்து நிக்குதுடா." அப்புறம் போன் வருவது நின்றுபோனது, எது வந்தாலும் படிக்காமல் ஓகே அழுத்தப் பழகிவிட்டார். எனக்குப் பயம் வந்ததே அப்போதுதான். பிரௌசரில் மைக்ரோசாஃப்ட் பெயரில் வரும் போலி எச்சரிக்கையும் இதே சிவப்பு, இதே அவசரம், கூடவே ஒரு போன் நம்பர். நிஜமான மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. எஸ்கேப் கீயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, ஃபுல் ஸ்கிரீன் விலகியதும் பிரௌசரை மூடினால் சரி. மீறி யாராவது பணத்தைப் பறிகொடுத்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட வேண்டும்.

இன்னொரு உறுத்தலும் இருந்தது. பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை அவாஸ்ட் தன் ஜம்ப்ஷாட் நிறுவனம் மூலம் விற்றது. 2020-ல் அதை மூடினார்கள். 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது.

கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரிலேயே நின்றுவிட்டேன். வேறு ஆன்டிவைரஸ் போட்டால் தானாக ஒதுங்கும், அதை நீக்கினால் தானாகத் திரும்பி வரும். விண்டோஸ் 8 காலத்தில் இதற்குப் ஆன்டிவைரஸ் பரிசோதனைக் கூடங்களில் மட்டமான மார்க்தான். இப்போது ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் கூடம் பாதுகாப்பில் ஆறுக்கு ஆறு கொடுக்கிறது. விளம்பரத் தொல்லைக்கு அந்தக் கூடங்கள் மார்க் போடுவதில்லை, நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். குறை இல்லாமல் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஸ்கேன் ஓடும்போது மெஷின் முக்கி முனகியது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதம். அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் மாற்றியதும் அந்தப் பேச்சே இல்லை.

எங்கள் ஏரியாவில் வைரஸ் வருவது பெரும்பாலும் பென்டிரைவில்தான். வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் செருகிக் கொண்டுவந்ததைத் திறந்தால், ஃபோல்டர் ஒவ்வொன்றின் ஓரத்திலும் குட்டி அம்புக்குறி, அளவு ஒன்றிரண்டு கேபி. அது ஷார்ட்கட் வைரஸ். அதை டபுள் கிளிக் செய்தால்தான் வினை. டிஃபெண்டர் அந்தப் போலிகளைத் துடைத்துவிடும். உடனே பையன் ப்ராஜெக்ட்டே போச்சு என்று அலறுவான். ஒன்றும் போயிருக்காது, அசல் ஃபோல்டரை வைரஸ் மறைத்து வைத்திருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டில் அட்ரிப் (attrib) கட்டளையால் மறைப்பை நீக்கினால் எல்லாம் வந்துவிடும். இப்போதெல்லாம் பிரிண்ட்டுக்கு பிடிஎஃப்பைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம், ஆதார் மாதிரி சமாசாரம் தவிர.

காசு கட்டாமல் பூட்டை உடைத்த கிராக் சாஃப்ட்வேர் போடுகிறவர்களுக்கு எந்த ஆன்டிவைரஸும் உதவாது. "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணு" என்றுதானே அதோடு வரும் குறிப்பின் முதல் வரியே இருக்கிறது!

சந்தேகம் வந்தால் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுவேன். விண்டோஸ் எழும்பும் முன்பே தேடும் என்பதால் ஒளிந்திருப்பதும் சிக்கும். இன்னொரு அபிப்பிராயம் வேண்டுமென்றால் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் துப்புரவு டூல்கள் இலவசம். நம்ம சென்னைக் கம்பெனியான கே7 கொடுத்ததும் அதில் உண்டு. எப்போதும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் இரண்டை மட்டும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மெஷினைப் படுக்கவைத்துவிடும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அதன் சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. டிஃபெண்டருக்கான வைரஸ் விவர அப்டேட் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, ஆனால் விண்டோஸில் விழும் ஓட்டையை அது அடைக்காது. விண்டோஸ் 11 ஏறாத மெஷின் என்றால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யச் சொல்லி செட்டிங்ஸின் அப்டேட் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். எங்கள் மெஷினும் அந்த ரகம்தான், பதிவு செய்து வைத்திருக்கிறேன்.