இரண்டு மாதச் சம்பளத்துக்கு நான் வாங்கிய தவறான காலக்கோடு

மாண்டிசோரி தொடக்கநிலை வகுப்பில், 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும் ஆசிரியர்கள், பூமியில் உயிர்கள் தோன்றி மாறிவந்த வரலாற்றைக் கால வரிசையில் காட்டும் நீண்ட சுருளான உயிர்களின் காலக்கோட்டை இணையத்தில் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். என்னுடைய இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. பெட்டி வந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. விற்றவர்கள் இனிப் பதில் சொல்லப் போவதில்லை என்பது இன்று காலைதான் உறுதியாயிற்று.

உயிர்கள் தோன்றிய பெருங்கதையைச் சொல்லி முடித்த பிறகு, தரையில் விரித்துப் போட்டு, பிள்ளைகள் அதைச் சுற்றி மண்டியிட்டு மாதக்கணக்கில் பார்க்கும் பொருள் இது. படம் அச்சிட்ட சுருள் ஒன்று, அதே அளவில் படமில்லாத சுருள் ஒன்று, அதன் மேல் பிள்ளைகளே எடுத்து அடுக்குவதற்கான பட அட்டைகள் என மூன்றும் சேர்ந்ததுதான் முழுத் தொகுப்பு. பல வகுப்புகளில் இருப்பது பழைய அச்சின் நகல்களின் நகல் என்பதால், அண்மை ஆய்வுகளின்படி திருத்தப்பட்டது வேண்டும் என்று தேடியபோதுதான், கல்விப் பொருள்களை விற்கும் ஓர் இணையக் கடை கண்ணில் பட்டது.

அவர்களை நான் நம்பியது ஒரே ஒரு படத்தால். மாதிரிக்கு அவர்கள் அனுப்பிய, டெவோனியன் என்ற பழங்காலப் பகுதியில் டிக்டாலிக் இருந்தது. 2004-இல் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த மீனின் துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்புகள்கூடத் தெளிவாக வரையப்பட்டிருந்தன. இவ்வளவு அக்கறையாகச் செய்பவர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று நினைத்தேன். தொலைபேசியில் பேசிய பெண்மணியும், "பிள்ளைகள் கைக்குப் போகிற பொருள் மேடம், இதில் தப்பு விடுவோமா?" என்றார். 1 சென்டிமீட்டருக்கு 10 லட்சம் ஆண்டுகள் என்ற கணக்கில், கேம்பிரியன் என்ற காலப் பகுதியின் தொடக்கமான 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து இன்று வரை 5.4 மீட்டர் நீளம் என்றும் உறுதி சொன்னார். அன்றிரவே முழுத் தொகையையும், என் இரண்டு மாதச் சம்பளத்தை, முன்பணமாக அனுப்பினேன்.

வந்த சுருளை விரித்த அரை மணி நேரத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அளவுகோலோடு என்னிடம் வந்தாள். "அக்கா, மூன்று ஊழியும் ஒரே அளவா இருக்கே?" என்று கேட்டாள். அளந்து பார்த்தேன். பேலியோசோயிக் (பழைய ஊழி), மீசோசோயிக் (டைனோசர்கள் வாழ்ந்த இடை ஊழி), சீனோசோயிக் (இன்று வரையுள்ள புதிய ஊழி) மூன்றும் தலைக்கு 1.2 மீட்டர், மொத்தம் 3.6 மீட்டர். அவர்கள் சொன்ன கணக்குப்படி மீசோசோயிக் 186 சென்டிமீட்டரும், சீனோசோயிக் வெறும் 66 சென்டிமீட்டரும் இருக்க வேண்டும். காலத்தின் நீளத்தைப் பிள்ளை தன் கண்ணாலும் காலடியாலும் உணர வேண்டும் என்பதற்காக வாங்கிய பொருளில் அந்த நீளமே பொய்.

மற்ற பிழைகளும் அடுத்தடுத்து வெளிப்பட்டன. டைனோசர்கள் தோன்றுவதற்கு ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட, பாலூட்டிகளின் கிளையைச் சேர்ந்த டைமெட்ரோடான், டைனோசர்களின் நடுவே நின்றது. டைனோசர் காலத்திலேயே வாழ்ந்த சிறு பாலூட்டிகள் டைனோசர்களின் அழிவுக்குப் பிறகுதான் வரையப்பட்டிருந்தன. சீனோசோயிக்கின் கடைசிப் பகுதியான குவாட்டர்னரி 18 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதாக அச்சிட்டிருந்தார்கள், அது 25.8 லட்சம் என 2009-லேயே மாற்றப்பட்டுவிட்டது. பட அட்டைகளோ படமில்லாத சுருளில் இருந்த கட்டங்களுக்குள் அடங்கவில்லை. என்னை நம்ப வைத்த டிக்டாலிக் எங்கேயும் இல்லை.

முதல் நாள், புகைப்படம் அனுப்பச் சொன்னார்கள். அளவுகோலை வைத்து எடுத்த பதினான்கு படங்களை அனுப்பினேன். மூன்றாம் நாள், மாதிரியும் அச்சுக் கோப்பும் வேறு வேறு என்றார்கள். ஆறாம் நாள், கேட்டதற்கேற்ப அச்சிட்ட பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். நான் எதையும் தனியாகக் கேட்கவில்லை, அவர்கள் விளம்பரத்தில் இருந்ததைத்தான் வாங்கினேன். கடைசியாக அதே பெண்மணி, "சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு மேடம்?" என்று கேட்டார். என் இரண்டு மாதச் சம்பளம் போனதைவிட அந்தக் கேள்விதான் என்னை உறங்க விடவில்லை. அளவுகோலோடு வந்து நின்றவள் ஒரு சின்னப் பிள்ளைதான். அதன் பிறகு அனுப்பிய செய்திகளை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஒரு பகுதியின் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். சுருள் முழுவதையும் விரித்து, பக்கத்தில் அளவு நாடா வைத்து எடுத்த படத்தைக் கேளுங்கள். சீனோசோயிக் பகுதியின் நீளத்தையும் குவாட்டர்னரி தொடங்கும் ஆண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள். ஊழிகளைக் கணக்குக்கு உட்படாமல் விரித்தோ சுருக்கியோ வரைந்த சுருள் என்றால், அதை விற்பவரே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். திரும்பப் பெறும் விதியை எழுத்தில் வாங்குங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இதற்கு மேல் எழுத நேரமில்லை. நாளை காலை பிள்ளைகள் வருவதற்குள் 5.4 மீட்டர் வெள்ளைத் துணியில் நானே கோடு போட்டு முடிக்க வேண்டும்.