கடித்த நகங்களுக்கு ஒட்டு நகமா, அக்ரிலிக் நகமா?

கடித்துக் குறுகிய நகங்களைத் தீபாவளிக்குள் மறைக்க விரும்பும் கோலாலம்பூர்வாசிகள் வீட்டிலேயே முயலும் வழிகள் இரண்டு: ஆயத்தமாகக் கிடைப்பதை அப்படியே ஒட்டிக்கொள்ளும் ஒட்டு நகம்; தூளையும் திரவத்தையும் குழைத்து நகத்தின்மேல் பூசிக் கெட்டியாக்கும் அக்ரிலிக் நகம்.

செலவு: ஒட்டு நகத்திற்குச் சில ரிங்கிட் போதும், அக்ரிலிக்கிற்குத் தூள், திரவம், தூரிகை, அரம் அனைத்தும் வேண்டும்.

நீடிப்பு: ஒட்டு நகம் சில நாள்கள் தாங்கும், நன்கு அமைந்த அக்ரிலிக் இரண்டு, மூன்று வாரங்கள் நிற்கும்.

எளிமை: கடித்த நகத்தில் பிடிமானப் பரப்பு குறைவு என்பதாலும், விரல்நுனிச் சதை மேலெழுந்து நிற்பதாலும், நீளமான செயற்கை நகம் எதுவாயினும் நெம்புகோல்போல் இழுபட்டுப் பெயர்ந்துவிடும். ஒட்டு நகத்தை அரத்தால் குறுக்கிப் பொருத்தலாம். பிசகினால் மீண்டும் ஒட்டலாம். அக்ரிலிக் கலவையோ கெட்டியாகுமுன் தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். அது ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும். பழகாத கைக்கு இது சிறிய ஆபத்தன்று.

நீக்கம்: ஒட்டு நகம் வெதுவெதுப்பான சோப்பு நீரில் தளரும். அக்ரிலிக்கை அசிட்டோன் என்னும் கரைப்பானில் ஊறவைக்க வேண்டும். பிய்த்தெடுத்தால் இயற்கை நகத்தின் மேலடுக்கும் உரியும்.

விழாவிற்கு மட்டும் வேண்டுவோர்க்கு, குட்டையான ஒட்டு நகமே என் தேர்வு. கடிக்கும் பழக்கத்தையே தடுக்க நினைப்போர், தேர்ந்த கலைஞரிடம் அக்ரிலிக் வைத்துக்கொள்ளலாம். மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும் நகம் கடிபடாமல் நீள, அக்ரிலிக் தரும் அந்த இரண்டு, மூன்று வார அவகாசம் தேவை. இரத்தம் கசியும் விரலுக்கு, ஆறும்வரை இரண்டும் வேண்டாம்.